பெயர் வெட்டாத பாத்திரங்கள்



பழைய ஆசியப் பீங்கான்களுக்கென்று ஒரு சிறப்பிதழ் கொண்டுவரப் போகிறோம் என்று அறிவித்ததிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை விலையைத்தான் விசாரிக்கின்றன. "பரணில் ஒரு சீன ஜாடி கிடக்கிறது, என்ன தேறும்?" என்று கேட்கிறீர்கள். அந்த ஆசை இயல்பானதுதான். 2007-ல் நியூயார்க் மாநிலத்தில் ஒருவர் வீட்டு வாசலில் போட்டு விற்ற பழைய சாமான்களிலிருந்து மூன்று டாலருக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம் வாங்கப்பட்டது. சில ஆண்டுகள் வரவேற்பறை அலமாரியில் இருந்த அந்தக் கிண்ணம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வட சோங் அரச காலத்தில் செய்யப்பட்ட திங் வகைப் பீங்கான் என்று பிறகு தெரிந்தது. 2013 மார்ச்சில் சோத்பீஸ் ஏலத்தில் 22 லட்சம் டாலருக்கு மேல் போனது. இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு யார்தான் சொந்தப் பரணில் ஏறிப் பார்க்காமல் இருப்பார்கள்?

ஆனால் விலைக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று உண்டு. இது எங்கே செய்தது, யார் கையில் இருந்தது, உங்களிடம் எப்படி வந்தது? இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விகளுக்காக எடுத்துக்கொள்கிறேன். அவற்றுக்குப் பதில் எழுதிவைக்காத காரணத்தால் நம் வீடுகளிலேயே எத்தனையோ நல்ல பொருள்கள் ஊர்பேர் தெரியாதவையாகிக்கொண்டிருக்கின்றன.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 95-ஆம் எண் அறை என்று ஒன்று இருக்கிறது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி அலமாரிகள். உள்ளே ஏறத்தாழ 1,700 சீனப் பீங்கான்கள். அவ்வளவுக்கும் நடுவில் அறிஞர்கள் முதலில் தேடிப் போவது இரண்டு ஜாடிகளை. உயரம் இரண்டடிக்குச் சற்றே அதிகம். வெள்ளை உடம்பில் கோபால்ட் நீலத்தில் ஓவியம். அடியில் தாமரை இதழ் வரிசை, அதற்கு மேல் பியோனிப் பூக்கொடி, அலைகள், மேகங்களுக்கிடையே நான்கு கால் விரித்துப் பாயும் டிராகன், தோளில் தாமரைக்கொடி, கழுத்தில் பீனிக்ஸ் பறவைகள். அதற்கும் மேல் வாயை நோக்கி நிமிர்ந்து நிற்கும் வாழையிலைகள். இரு பக்கமும் கைப்பிடியாக யானைத் தலைகள். தும்பிக்கையில் ஒரு காலத்தில் வளையங்கள் தொங்கியிருக்க வேண்டும், இப்போது இல்லை. அழகுக்கு அழகு, வேலைக்கு வேலை. ஆனாலும் இதைவிட நுணுக்கமான பீங்கான்கள் அதே அறையில் பல இருக்கின்றன.

இந்த இரண்டையும் தனியாக்குவது கழுத்தில் அந்த வாழையிலைகளுக்கு நடுவே எழுதியிருக்கும் சுமார் அறுபது சீன எழுத்துகள். யூவான் அரசின் ச்சிச்செங் ஆட்சியின் 11-ஆம் ஆண்டில், யூஷான் வட்டாரத்தைச் சேர்ந்த ச்சாங் வென்ச்சின் என்ற பக்தர், ஊதுபத்திக் கலம் ஒன்றும் இந்த ஜோடிக் கலங்களும் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார். குடும்பம் நலமாயிருக்கவும் பிள்ளைகள் அமைதியாக வாழவும் வேண்டிக்கொண்டார். இவ்வளவுதான் செய்தி. ஊர், வட்டாரம், மாதம் எல்லாம் இருக்கிறது. நம் கோயில் குத்துவிளக்கில் "உபயம்" என்று பொறித்திருப்பதைப் படித்துப் பழகிய கண்ணுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது. அந்த 11-ஆம் ஆண்டு என்பது 1351. சீனாவில் செந்தலைப்பாகைக் கிளர்ச்சி மூண்டு, நாடு குலுங்கத் தொடங்கிய ஆண்டும் அதுவே. பிள்ளைகளின் அமைதிக்காக அந்தத் தகப்பன் வேண்டியதை இதைத் தெரிந்துகொண்டு படித்தால் மனம் கனக்கிறது. அவர் கொடுத்த ஊதுபத்திக் கலம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த உபயக் குறிப்பு பீங்கான் வரலாற்றையே திருத்தி எழுத வைத்தது. தரமான நீல-வெள்ளைப் பீங்கான் எல்லாம் மிங் காலத்தில், 15-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது என்று மேற்கத்திய அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ஹாப்சன் 1929-ல் இந்த எழுத்தை வெளியிட்டபோதும் அதற்குப் பெரிய கவனிப்பில்லை. அமெரிக்க அறிஞர் ஜான் அலெக்சாண்டர் போப்தான் 1950-களில் இந்த ஜோடியை அளவுகோலாக வைத்துக்கொண்டு, இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனையிலும் ஈரானின் அர்தபீல் தர்காவின் சேகரிப்பிலும் இருந்த சீனப் பீங்கான்களைப் பார்த்தார். அதே அலை, அதே இலை, அதே கொடி எங்கெல்லாம் இருந்தனவோ அவற்றையெல்லாம் 14-ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனார். ஒரு பக்தர் தன் பெயரையும் தேதியையும் எழுதிவைத்ததால் உலகம் முழுவதும் இருந்த உறவுப் பாத்திரங்களுக்கும் வயது தெரிந்தது.

அந்த ஜோடியைச் சேர்த்தவர் சர் பெர்சிவல் டேவிட். 1892-ல் பம்பாயில் பிறந்தவர். பாக்தாத் யூத வணிகக் குடும்பம். தந்தை சர் சசூன் டேவிட், பேங்க் ஆப் இந்தியாவின் முதல் தலைவர். இரண்டு ஜாடிகளும் பெர்சிவலிடம் சேர்ந்து வரவில்லை. தனித்தனிச் சேகரிப்புகளுக்குப் பிரிந்து போயிருந்தவற்றை அவர்தான் மீண்டும் ஒரே இடத்தில் நிறுத்தினார். பணம் இருந்தது, உண்மை. ஆனால் பணக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர் சீன மொழி படித்தார். பழம்பொருள்களைத் தரம் பார்ப்பது பற்றி 1388-ல் சாவ் சாவ் எழுதிய கெகு யாவ்லுன் என்ற நூலை மொழிபெயர்த்தார். அவர் 1964-ல் மறைந்து ஏழு ஆண்டுகள் கழித்து அது அச்சேறியது. நீல-வெள்ளைப் பீங்கான் ரசனைக்குறைவான சரக்கு என்பது அந்தச் சீன நூலாசிரியரின் தீர்ப்பு. அதை மொழிபெயர்த்தவரின் பெயரைத் தாங்கித்தான் உலகத்தின் மிகப் புகழ்பெற்ற நீல-வெள்ளை ஜோடி இன்று நிற்கிறது. ஒரு காலத்தின் ரசனையை வைத்து எதையும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. டேவிட் தன் சேகரிப்பை 1950-ல் லண்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்; 2009-ல் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு இரவலாக வந்தது; 2024-ல் முழுவதுமாக அருங்காட்சியகத்துக்கே கொடையாயிற்று. மதிப்பு சுமார் நூறு கோடி பவுண்டு என்றார்கள். அருங்காட்சியகத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. லண்டன் போகும் பிள்ளைகளிடம் சொல்லியனுப்புங்கள்.

அர்தபீல் என்றேனே, அதையும் சொல்ல வேண்டும். 1611-ல் பாரசீக அரசர் ஷா அப்பாஸ் தம் முன்னோரான ஷேக் சஃபியின் தர்காவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனப் பீங்கான்களைக் காணிக்கையாக்கினார். ஒவ்வொன்றிலும் கொடையைச் சொல்லும் சிறு கட்டம் மெருகைத் துளைத்துப் பொறிக்கப்பட்டது. திராட்சைக்கொடி வரைந்த மிங் காலத் தட்டு ஒன்றில் பாரசீக அரசர் ஷா தஹ்மாஸ்பின் சகோதரி மஹின் பானுவின் பெயரும் இருக்கிறது, நம் ஷாஜகானின் பெயரும் இருக்கிறது. சீனாவில் சுட்டு, ஈரான் அரண்மனை வழியாக முகலாயர் கருவூலத்துக்கு வந்த பயணத்தை அந்தத் தட்டே சொல்கிறது. சீனப் பேரரசர் சியென்லுங் இன்னும் ஒருபடி மேலே போனார். தமக்கு முந்திய காலத்துப் பீங்கான்களின் அடியில் தாமே எழுதிய கவிதைகளைப் பொறிக்கச் சொன்னார். சில இடங்களில் அவர் சொன்ன சூளை தவறு என்று இன்றைய அறிஞர்கள் காட்டுகிறார்கள். பரவாயில்லை, எழுதிவைத்ததால்தானே திருத்தவும் முடிகிறது.

சீர்வரிசைக்கு எவர்சில்வர் குடம் வாங்கினால் கடையிலேயே பெயரும் தேதியும் வெட்டித் தரச் சொல்வோம். பித்தளை அண்டாவில் பாட்டியின் தலைப்பெழுத்து இருக்கும். பீங்கானுக்கு மட்டும் நாம் அதைச் செய்யவில்லை. உடையக்கூடிய பொருள், வெட்டினால் விரிந்துவிடுமோ என்ற அச்சம் நியாயமானதுதான். அதனால் தாத்தாவின் பெட்டியோடு கப்பலில் வந்த தட்டு, மூன்று தலைமுறை கழிந்ததும் "ஏதோ ஒரு பழைய தட்டு" ஆகிவிடுகிறது.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் நடந்திருப்பவர்களுக்கு நான் சொல்வது தெரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மங்குச் சாமான்கள், பர்மா அரக்குப் பாத்திரங்கள், ஜப்பான் பூத்தட்டுகள், இனாமல் அடுக்குகள், ஆளுயரத்துக்குச் சற்றே குறைந்த ஜாடிகள் எல்லாம் கடைவாசல்வரை குவிந்திருக்கும். பழகிய கடைக்காரர்களின் கண் கூர்மையானது; எது எந்த நாட்டுச் சரக்கு என்று தொட்டுப் பார்த்தே சொல்வார்கள். ஆனால் "எந்த வீட்டிலிருந்து வந்தது?" என்று கேட்டால் பதில் வராது. கொடுத்தவர்கள் சொல்ல விரும்பியிருக்க மாட்டார்கள், அல்லது அவர்களுக்கே தெரிந்திருக்காது. ரங்கூனுக்குப் போன கொள்ளுத் தாத்தா எந்த ஆண்டு எந்தக் கடையில் வாங்கினார் என்பதை அறிந்த கடைசி ஆச்சி போனதோடு அதுவும் போய்விட்டது. நம் பீங்கான் வரலாற்றின் பெரிய இழப்பு இதுதான் என்பேன். உடைந்ததால் போனதைவிட மறந்ததால் போனது அதிகம்.

வாய்வழிச் செய்தி போய்விட்டாலும் பாத்திரத்தின் அடி ஓரளவுக்குப் பேசும். எந்தப் பீங்கானையும் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். பூவையும் பறவையையும் பார்த்து மயங்குவது பிறகு ஆகட்டும். சீனாவின் லுங்ச்சுவான் சூளைகளின் பச்சை மெருகுப் பாத்திரமானால், அடிவளையத்தில் மெருகு படாத மண் செங்கல் நிறத்தில் சிவந்திருப்பதைப் பல சமயம் பார்க்கலாம். மண்ணிலுள்ள இரும்பு, சூளை ஆறும்போது காற்றுப் பட்டு அப்படிச் சிவக்கிறது. அடியில் பருமணல் ஒட்டியிருந்தால் தென்சீனத்தின் ச்சாங்சோ பக்கத்து ஏற்றுமதிச் சரக்கா என்று யோசிக்கலாம். பெரிய தட்டின் அடியில் மூன்று நான்கு சிறு புள்ளிக் காயங்கள் தெரிந்தால், ஜப்பானின் அரித்தா ஊர்க்காரர்கள் சூளையில் தட்டு தொய்ந்துவிடாமலிருக்க வைத்த முட்டுகளின் தடமாக அது இருக்கலாம்.

எழுத்து இருக்கிறதே என்று உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். சீன ஆட்சி முத்திரைகளை அப்படியே நம்பக் கூடாது. 1662 முதல் 1722 வரை ஆண்ட காங்ஸி காலத்தில், அதற்கு இருநூறு ஆண்டு முந்திய செங்குவா ஆட்சியின் முத்திரையை ஏராளமான பாத்திரங்களில் எழுதினார்கள். பெரும்பாலும் பழையதன் மேலிருந்த மரியாதையால். இன்று சந்தைக்கென்று செய்யப்படும் போலிகளிலும் அதே முத்திரைகள் இருக்கின்றன. ஆங்கில எழுத்துகளோ எளிதில் உண்மையைச் சொல்லிவிடும். வெளிநாட்டுச் சரக்கில் செய்த நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் கட்டாயமாக்கியது. அதனால் "நிப்பான்" என்று ஆங்கிலத்தில் இருக்கும் ஜப்பான் சரக்கு பெரும்பாலும் அதற்கும் 1921-க்கும் இடைப்பட்டது. 1921-ல் "ஜப்பான்" என்றே போட வேண்டும் என்று மாற்றினார்கள். "ஆக்குபைடு ஜப்பான்" என்றிருந்தால் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய சில ஆண்டுகள். 1952-க்கு மேல் போகாது.

தேய்மானத்தையும் பாருங்கள். நூறாண்டு புழங்கிய தட்டில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும், அடிவளையம் வழவழப்பாகியிருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் கீறல் ஒரே போக்கில் இருக்கும். அமிலத்தில் முக்கிய மெருகு பளபளப்பிழந்து மாவு பூசியது போலிருக்கும். கடைசியாகச் சுட்ட காலத்தைக் கணக்கிடும் வெப்ப ஒளிர்வுச் சோதனை உண்டு. அதற்குப் பாத்திரத்தைச் சிறிது துளைத்துப் பொடி எடுக்க வேண்டும், செலவும் அதிகம். நம் வீட்டுத் தட்டுகளுக்குக் கண்ணும் விரலும் பொறுமையும் போதும். அருங்காட்சியகத்தில் நல்லதை நிறையப் பார்த்த கண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. ஹைதராபாத் சாலார் ஜங் அருங்காட்சியகத்தின் சீன, ஜப்பான் அறைகளுக்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்கலாம்.

முழுப் பாத்திரத்தின் மேல் மட்டுமே ஆசை வைப்பவர்களுக்குப் பெரியபட்டினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரையில் இருக்கும் அந்த ஊரில், நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் மற்ற ஆய்வாளர்களும் 1980-களில் சீனப் பீங்கான் ஓடுகளை ஏராளமாகக் கண்டெடுத்தார்கள். பெரும்பாலும் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. லுங்ச்சுவான் பச்சையும் உண்டு, சிங்தெசென் நகரத்து நீல-வெள்ளையும் உண்டு. கராஷிமா பிறகு தென்னிந்தியா, இலங்கை முழுவதும் இப்படிப்பட்ட ஓடுகளைத் தேடிச் சென்றார். அந்தத் தேடலின் முடிவுகள் 2004-ல் நூலாக வந்தன. ஏலத்துக்குப் போனால் இந்த ஓடுகளுக்கு ஒரு காசு கிடைக்காது. ஆனால் எந்த ஊரில், எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பது தெரியும். அதனால் பாண்டிய நாட்டுத் துறைமுகத்துக்கும் சீனத்துக்கும் நடந்த வாணிகத்துக்கு அவை சாட்சி சொல்கின்றன. ஊர் தெரியாத முழுக் கிண்ணத்தால் அதைச் செய்ய முடியாது.

இதே காரணத்துக்காகத்தான், கிடைத்த இடத்தைக் கலைத்துவிட்டுப் பொருளை மட்டும் எடுத்து விற்பதை நான் எதிர்க்கிறேன். 1998-ல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கருகே மூழ்கிய கப்பலொன்று கண்டுபிடிக்கப்பட்டது. தாங் காலத்துப் பீங்கான்கள் சுமார் 60,000. பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826-க்கு இணையான தேதி. வணிக நோக்கில் நடந்த அகழ்வு என்பதால் தொல்லியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நடத்தவிருந்த கண்காட்சியே நின்றுபோனது. சரக்கு சிதறாமல் ஒரே தொகுப்பாகச் சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது ஆறுதல். தனித்தனியாக ஏலம் போயிருந்தால் அந்தக் கப்பலின் கதை என்றைக்கும் கிடைத்திருக்காது.

வாங்குபவர்கள் நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டைத் தாண்டிய கலைப்பொருள் பழம்பொருள் ஆகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது; வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். கடைக்காரரிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்பதும் விவரம் எழுதிய ரசீது கேட்பதும் மரியாதைக் குறைவல்ல. ரசீது தரத் தயங்கும் கடையில் எவ்வளவு அழகான ஜாடி இருந்தாலும் வாங்காதீர்கள்.

விரிசல் விட்டதைத் தூக்கி எறிய நினைப்பவர்களுக்காக ஒன்று. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் லுங்ச்சுவான் பச்சைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அது விரிசல் கண்டபோது, ஷோகன் அஷிகாகா யோஷிமாசா அதைச் சீனாவுக்கு அனுப்பி அதேபோல் வேறொன்று கேட்டாராம். அப்படிப்பட்டது இப்போது செய்ய முடியாது என்று சொல்லி, உலோகக் கவ்விகளால் விரிசலைப் பிடித்து அதையே திருப்பி அனுப்பினார்களாம். வெட்டுக்கிளி உட்கார்ந்தது போன்ற அந்தக் கவ்விகளோடுதான் ஜப்பான் அதைப் போற்றி வைத்திருக்கிறது. இந்தக் கதை நமக்குத் தெரியக் காரணம், 1727-ல் இதோ தோகாய் என்ற அறிஞர் அந்தக் கிண்ணம் யார் யார் கைமாறி வந்தது என்று எழுதிவைத்த குறிப்பு. அவர் சொல்லும் முதல் உடைமையாளரின் காலம் கிண்ணத்தின் வயதோடு பொருந்தவில்லை என்கிறார்கள் ஆய்வாளர்கள். குறிப்பு கையில் இருப்பதால் சரிபார்க்கிறார்கள்.

இந்த இதழை வாசித்து முடித்ததும் வீட்டிலுள்ள பழைய பீங்கான்களை ஒருமுறை இறக்கிவையுங்கள். ஒவ்வொன்றையும் நேராகவும் கவிழ்த்தும் படமெடுங்கள். அம்மா, அப்பத்தா, பெரியப்பா என்று யாருக்கு நினைவிருக்கிறதோ அவர்களை உட்காரவைத்துக் கேளுங்கள்: யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த ஆண்டுவாக்கில், எந்தக் கல்யாணத்துக்கு வந்தது, எப்போது புழங்கினார்கள். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். தெரியாததைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். எழுதியவர் பெயரும் தேதியும் கட்டாயம் வேண்டும். அந்தத் தாளைப் பாத்திரத்துக்குள்ளேயே போட்டுவையுங்கள். மெருகின் மேலோ பொன்வேலையின் மேலோ செலோடேப் ஒட்டாதீர்கள். பிய்க்கும்போது வண்ணமும் சேர்ந்து வந்துவிடும். பிரதி ஒன்று பிள்ளைகளிடம் இருக்கட்டும்.

எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். விலை சொல்லும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. படத்தையும் குறிப்பையும் வைத்து எந்த நாட்டுச் சரக்கு, ஏறத்தாழ எந்தக் காலம் என்று அறிந்தவர்களிடம் கேட்டு, அடுத்த இதழிலிருந்து மாதம் சில வீதம் வெளியிடுவோம். பெயர் வேண்டாம் என்பவர்கள் ஊரை மட்டும் குறிப்பிட்டால் போதும். வீட்டில் எண்பது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் இந்த வேலையை அடுத்த விடுமுறைக்குத் தள்ளிப்போடாதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்